89க்கும் 90க்கும் நடுவே ஒரு படி: வட்டத்தைக் கவனித்தீர்களா?

பிஎஸ்எல்இ தேர்வில் ஒருவர் கணிதத்தில் 89 மதிப்பெண் எடுக்கிறார். இன்னொருவர் 90. வித்தியாசம் ஒரே ஒரு மதிப்பெண். முதலாமவருக்கு ஏஎல் 2, அடுத்தவருக்கு ஏஎல் 1.

அதே பாடத்தில் 45 எடுத்தவருக்கும் 64 எடுத்தவருக்கும் கிடைப்பது ஏஎல் 6. இடையில் 19 மதிப்பெண் இருந்தும் நிலை மாறவில்லை!

"இது என்ன நியாயம்?" என்ற பேச்சு உங்கள் வீட்டிலும் எழுந்திருக்கலாம். நியாயம் ஒருபக்கம் இருக்கட்டும். இப்படி நகர்வதற்குக் கணிதத்தில் ஒரு பெயர் உண்டு: படிநிலைச் சார்பு.

வரைந்து பார்ப்போமா?

கிடை அச்சில் மதிப்பெண், செங்குத்து அச்சில் ஏஎல். 45இலிருந்து 64 வரை 6 என்ற உயரத்தில் ஒரு நேர்கோடு. 65 வந்ததும் கோடு அறுந்து, 5 என்ற உயரத்தில் புதிதாகத் தொடங்குகிறது. 75இல் 4, 80இல் 3, 85இல் 2, 90இல் 1. மதிப்பெண் ஏற ஏற, படிக்கட்டு கீழே இறங்குகிறது.

படிகளின் அகலமும் ஒரே மாதிரி இல்லை. ஏஎல் 2க்கு 5 மதிப்பெண்தான் இடம். ஏஎல் 7க்கோ 20 முதல் 44 வரை, 25 மதிப்பெண்.

(அட்டவணையில் முழு எண்கள்தானே இருக்கின்றன, அதைப் புள்ளிகளாக அல்லவா வரைய வேண்டும் என்று கேட்கிறீர்களா? சரிதான். படிக்கட்டு தெளிவாகத் தெரிய, கோடாக வைத்துக்கொள்வோம்.)

பலர் சறுக்கும் இடம் படியின் விளிம்பு. 90 என்ற இடத்தில் ஒரு படி முடிகிறது, இன்னொன்று தொடங்குகிறது. அப்படியென்றால் 90 யாருக்குச் சொந்தம்?

அதைச் சொல்லத்தான் இரண்டு வட்டங்கள். நிரப்பிய வட்டம் என்றால் அந்த எண் இந்தப் படியைச் சேர்ந்தது. வெற்று வட்டம் என்றால் இந்தப் படி அந்த எண்ணைத் தொடுவதற்குள் நின்றுவிட்டது. ஏஎல் 2 படிக்கு 85இல் நிரப்பிய வட்டம், 90இல் வெற்று வட்டம். ஏஎல் 1 படி, 90இல் நிரப்பிய வட்டத்தோடு தொடங்கும்.

எழுத்தில் இது 85 ≤ மதிப்பெண் < 90. சுருக்கமாக [85, 90). சதுர அடைப்பு எண்ணைச் சேர்த்துக்கொள்ளும், வளைந்த அடைப்பு சேர்க்காது. அவசரத்தில் (85, 90) என்று எழுதிவிட்டால் 85 எடுத்த பிள்ளைக்கு நிலையே இல்லாமல் போய்விடும்!

இன்னொரு தவறு: படிகளைச் செங்குத்துக் கோட்டால் இணைப்பது. கணிப்பானின் திரையில் சில நேரம் அப்படித் தெரியும், அதை அப்படியே தாளில் வரைந்துவிடாதீர்கள். அந்தக் கோடு இருந்தால், 90 எடுத்த ஒருவருக்கு ஏஎல் 1, ஏஎல் 2, நடுவில் ஏஎல் 1.5 எல்லாமே உண்டு என்று அர்த்தமாகிவிடும். ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரே விடை இருந்தால்தான் அது சார்பு.

பாட்டி சொல்லும் வயசு

"பிள்ளைக்கு 17 முடிஞ்சு 18 நடக்குது" என்று பாட்டி சொல்வாரே, அந்த ஒரே வாக்கியத்தில் இரண்டு படிநிலைச் சார்புகள் இருக்கின்றன.

பேரனின் வயது சரியாக 17.4 என்று வையுங்கள். முடிந்தது 17: கீழ்நோக்கி முழு எண்ணாக்கினோம், குறியீடு ⌊17.4⌋ = 17. நடப்பது 18: மேல்நோக்கி முழு எண்ணாக்கினோம், ⌈17.4⌉ = 18. அடைப்பின் கால் கீழே மடங்கியிருந்தால் கீழே, மேலே மடங்கியிருந்தால் மேலே. இந்தக் குறியீடுகளை 1962இல் அறிமுகப்படுத்தியவர் கென்னத் ஐவர்சன்.

குறை எண்களில் கவனம் தேவை. ⌊−2.3⌋ என்பது −2 இல்லை, −3. வெறுமனே தசமத்தை வெட்டி எறிந்தால் விடை தப்பாகும்.

கார் நிறுத்துமிடத்தில் "அரை மணி நேரம் அல்லது அதன் ஒரு பகுதிக்கு 1 வெள்ளி" என்று எழுதியிருந்தால் அது மேல்நோக்கிப் போகும் வகை. சரியாக 30 நிமிடத்தில் வெளியேறினால் 1 வெள்ளி, 31 நிமிடம் என்றால் 2 வெள்ளி. இங்கே நிரப்பிய வட்டம் படியின் வலது முனையில். ஏஎல் படிகளில் அது இடது முனையில். ஆகவே "வரை", "மிகாமல்", "குறைவாக", "மேல்" என்ற சொற்களைப் பார்த்துத்தான் வட்டத்தை நிரப்ப வேண்டும், பழக்கத்தில் அல்ல.

சம்பளம் கூடினால் நஷ்டமா?

வேலைக்குப் போகத் தொடங்கியதும் காதில் விழும் பேச்சு இது: "சம்பளம் அடுத்த வரி அடுக்குக்குப் போனா கையில வர்றது குறைஞ்சிடும்."

சிங்கப்பூர்வாசிகளுக்கான வருமான வரி விகிதம் படிநிலைச் சார்புதான். வரிக்குரிய வருமானத்தில் முதல் 20,000 வெள்ளிக்கு 0%, அடுத்த 10,000க்கு 2%, அதற்கடுத்த 10,000க்கு 3.5%. ஆனால் கட்ட வேண்டிய வரி அப்படித் தாவுவதில்லை. 30,000 வெள்ளிக்கு வரி 200 வெள்ளி. 30,001 என்றால்? கூடுதலாக வந்த அந்த ஒரு வெள்ளிக்கு மட்டுமே 3.5%, அதாவது மூன்றரைக் காசு. மீதி தொண்ணூற்று ஆறரைக் காசு உங்கள் பையில்தான்.

விகிதத்தின் வரைபடம் படிக்கட்டு. வரித்தொகையின் வரைபடம், போகப் போகச் செங்குத்தாகும் ஒரே சரிவுப்பாதை, எங்கும் அறுபடாது. செங்குத்து அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால் போதும், சம்பள உயர்வை வேண்டாமென்று சொல்லமாட்டீர்கள்.