நான்கு அங்குல ஆசை

ஜீப்பைத் தூக்கி நிறுத்துவதும் ராட்சச டயர் மாட்டுவதும் நாடு முழுக்கப் பரவிவிட்ட மோகம். சட்டம் வேண்டாம் என்கிறது. வெள்ளம் வந்தால் மட்டும் ஊரே அந்த வண்டிகளைத் தேடுகிறது.

ஹரியானாவின் சிர்ஸா மாவட்டத்தில், பஞ்சாப் எல்லையை ஒட்டிக் கிடக்கும் மண்டி டப்வாலிக்கு இரண்டு விதத்தில் பெயர் உண்டு. ஒன்று சோகமானது. 1995 டிசம்பர் 23 அன்று ஒரு பள்ளி ஆண்டு விழாப் பந்தலில் பற்றிய தீயில் 400-க்கும் அதிகமானோர் மாண்டுபோன ஊர் இது. இன்னொன்று ஜீப். சாலையோரப் பட்டறைகளில் எலும்புக்கூடாக நிற்கும் சேஸிஸ்கள், புதுப் பெயின்ட் காயும் திறந்த பாடிகள், இடுப்பு உயரத்துக்கு அடுக்கி வைத்த டயர்கள். கடையில் சட்டைக்கு அளவு கொடுப்பது போல இங்கே ஜீப்புக்கு அளவு கொடுக்கலாம். எத்தனை அங்குலம் தூக்க வேண்டும், எத்தனை அங்குல டயர், ரிம் எவ்வளவு வெளியே பிதுங்க வேண்டும் என்று சொன்னால் போதும். சில வாரங்களில் வண்டி தயார்.

தொழிலின் வேர் ராணுவ ஏலத்தில் இருக்கிறது. ராணுவம் கழித்துக்கட்டிய ஜீப்களை ஏலத்தில் எடுத்து, பிரித்து, நல்லதைப் பொறுக்கிக் கோத்து விற்பதில் தொடங்கியது இது. வயலுக்கும் சந்தைக்கும் போய்வர விவசாயிக்கு ஒரு வண்டி கிடைத்தது. பின்பாகம் குட்டையான திறந்த ஜீப்பை பஞ்சாபியர் 'லண்டி ஜீப்' என்கிறார்கள், மொட்டை வால் என்ற அர்த்தத்தில். பிறகு அது பாட்டுக்குள் புகுந்தது. பஞ்சாபி பாப் வீடியோக்களில் துப்பாக்கிக்கும் டிராக்டருக்கும் அடுத்த இடம் ஜீப்புக்குத்தான். 2022 மே 29 அன்று மான்ஸா மாவட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டபோது பாடகர் சித்து மூஸேவாலா ஓட்டிக்கொண்டிருந்ததும் ஒரு தார் ஜீப்தான்.

மஹிந்திரா 1947-ல் வில்லிஸ் ஜீப்களை இந்தியாவில் பூட்டத் தொடங்கிய காலத்தில் வண்டியோடு வந்தது 16 அங்குல ரிம்மில் ஒல்லியான டயர். ரப்பர் கட்டைகள் எந்தப் பக்கம் சுழன்றாலும் ஒரே மாதிரிப் பிடிக்கும் ராணுவ டயர் அது. அதை வைத்துக்கொண்டே இரண்டாம் உலகப் போரில் ஜீப் போகாத இடமில்லை. 1985-ல் மாருதி ஜிப்ஸி வந்தது. போலீஸ், ராணுவம், ராலி பந்தயக்காரர்கள் எல்லோரும் விரும்பிய அந்த வண்டிக்குத் தொழிற்சாலையிலிருந்து வந்தது 15 அங்குல ரிம்மில் சற்றே சின்ன டயர். இந்தியாவில் தூக்கும் வித்தை பரவியதில் ஜிப்ஸிக்குப் பெரும் பங்குண்டு. 2010-ல் தார், 2020 அக்டோபர் 2-ல் அதன் புதிய பதிப்பு, 2023-ல் ஜிம்னி என்று அடுத்தடுத்து வந்ததும், பட்டறைக் கலையாக இருந்தது பெரிய வியாபாரமாயிற்று. டெல்லி கரோல் பாக்கிலிருந்து கோவை வரை லிஃப்ட் கிட் இப்போது டப்பாவில் அடைத்து விற்கும் சரக்கு.

தூக்குவதில் இரண்டு வழி. முதலாவது, பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே ரப்பர் அல்லது நைலான் கட்டைகளைச் செருகுவது. செலவு குறைவு. பெரிய டயர் மட்கார்டில் உரசாமலிருக்க இடம் கிடைக்கும். ஆனால் சேஸிஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். பாறையில் இடிப்பது முன்பு போலவே இடிக்கும். இரண்டாவது, ஸ்பிரிங்கிலேயே கை வைப்பது. சுருள் ஸ்பிரிங் என்றால் நீளமான, விறைப்பான சுருளும் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரும். பட்டை ஸ்பிரிங் என்றால் கூடுதல் வளைவுள்ள பட்டை, அல்லது நீளமான ஷேக்கிள்.

ஜிப்ஸிக்காரர்களுக்கு மூன்றாவதாக ஒரு குறுக்கு வழி இருந்தது. அந்த வண்டியில் பட்டைகள் ஆக்ஸிலுக்கு அடியில் பூட்டப்பட்டிருக்கும். அவற்றைக் கழற்றி ஆக்ஸிலுக்கு மேலே உட்கார வைத்தால் ஒரே நாளில் வண்டி நான்கு, ஐந்து அங்குலம் எழுந்துவிடும். வாங்க வேண்டிய சாமான் அதிகமில்லை. கொஞ்சம் வெல்டிங், கொஞ்சம் லேத் வேலை. பார்க்க அட்டகாசம். கஷ்டம் பிறகுதான் தெரியும். ஸ்டீரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி, மேலே ஏறிய பட்டையில் இடிக்கும். அதை இஸட் எழுத்தைப் போல வளைக்க வேண்டியிருக்கும். கம்பியின் சாய்வு கூடிவிடுவதால் ஒரு பள்ளத்தில் இறங்கினாலே ஸ்டீரிங் தானாக ஒரு பக்கம் இழுக்கும். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் செங்குத்தாகிக் கிராஸ் ஜாயின்ட்கள் சீக்கிரம் தேயும். பிரேக் ஹோஸ் எட்டாது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பட்டை பாம்பாய் நெளியும். இவை ஒவ்வொன்றுக்கும் மருந்து உண்டு. எல்லாவற்றையும் முறையாகச் செய்தால் செலவு மூன்று மடங்காகும். எனவே பலரும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். சாலையில் ஓடுபவற்றில் கவலைப்பட வேண்டியவை இந்தப் பாதி வண்டிகளே.

இன்னொரு உண்மையை விற்பவர் யாரும் முதலில் சொல்வதில்லை. ஸ்பிரிங்கை எவ்வளவு தூக்கினாலும் ஆக்ஸிலும் அதன் நடுவே உருண்டு தொங்கும் டிஃபரன்ஷியலும் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அவை சக்கரத்தோடு பிறந்தவை. கல் இடிப்பதும் அங்கேதான். அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். அதிலும் பாதிக் கணக்குதான் கிடைக்கும். ஜிப்ஸியின் 205/70 ஆர்15 டயருக்கு உயரம் சுமார் 668 மி.மீ. அதில் 31 அங்குல டயரை மாட்டினால் 787 மி.மீ. வித்தியாசம் 119 மி.மீ. என்றாலும் ஆக்ஸில் எழுவது அதில் பாதி, 60 மி.மீ. மட்டுமே. புதிய தாரின் 16 அங்குல ரிம்மில் வரும் 245/75 டயருக்கு பதில் 33 அங்குல டயர் போட்டால் ஆக்ஸிலுக்குக் கிடைக்கும் லாபம் மூன்று சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். இத்தனைக்கும் அந்த வண்டி தொழிற்சாலையிலிருந்தே 226 மி.மீ. இடைவெளியோடு வருகிறது.

அந்த மூன்று சென்டிமீட்டருக்குக் கொடுக்கும் விலை என்ன? ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லத் தொடங்கும். தாரில் முள் 100 காட்டும்போது வண்டி 108-ல் போகும். ஜிப்ஸியில் 80 காட்டினால் 94. வேகம் குறைவு என்று நினைத்துக்கொண்டு ஓட்டுகிறவர் வளைவில் நுழையும்போதுதான் விஷயம் புரியும். பெரிய சக்கரத்தைச் சுழற்ற என்ஜின் திணறும், டீசல் கூடுதலாய்க் குடிக்கும். பிரேக்கோ பழைய பிரேக். அது நிறுத்த வேண்டியது முன்பைவிடக் கனமான, பெரிய சக்கரத்தை. பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியின் கனத்தில் கதவுக் கீல் தொய்ந்துபோவது சின்ன விஷயம்.

பெரிய விஷயம், கவிழ்வது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு இதற்கு எளிய ஒரு கணக்கு வைத்திருக்கிறது. இரு சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை, புவியீர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். சாதாரண கார்களுக்கு 1.3-க்கு மேல் வரும். உயரமான வண்டிகளுக்கு 1-ஐ ஒட்டி வரும். உதாரணத்துக்கு 1,300 மி.மீ. அகலமும் 650 மி.மீ. உயரத்தில் மையமும் கொண்ட ஒரு ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். விடை சரியாக 1. மையம் 100 மி.மீ. ஏறினால் 0.87 ஆகிவிடும். காய்ந்த தார்ச் சாலையில் நல்ல டயரின் பிடிப்பு 0.9-ஐத் தொடும். அதாவது திடீரென ஸ்டீரிங்கை ஒடித்தால் முன்பு வழுக்கிப் போயிருக்க வேண்டிய வண்டி, இப்போது வழுக்குவதற்கு முன்பே சாய்ந்துவிடும். குறுக்கே மாடு வரும் நம் நெடுஞ்சாலைகளில் திடீரென ஒடிப்பது அன்றாட வேலை. இதற்காகத்தான் ரிம்மை வெளியே தள்ளி அகலத்தைக் கூட்டுகிறார்கள். அது உதவும். ஆனால் வீல் பேரிங்கின் ஆயுளைத் தின்னும். மட்கார்டைத் தாண்டிய டயர் பின்னால் வரும் பைக்காரரின் முகத்தில் கல்லையும் சேற்றையும் வாரியடிக்கும்.

வண்டிக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றி மோகக்காரர்கள் அதிகம் பேசுவதில்லை. பானெட் உயர உயர, முன்னால் நிற்கும் குழந்தை ஓட்டுநர் கண்ணுக்கு மறைகிறது. ஹெட்லைட் எதிரே வருகிறவரின் கண்ணில் நேராக அடிக்கிறது. சின்னக் காரின் பம்பரைத் தாண்டி அதன் கதவில் போய் மோதுகிறது ஜீப்பின் இரும்பு மூக்கு. அந்த இரும்பு மூக்கை, அதாவது முன்பக்கத் தடுப்புக் கம்பிகளைக் கழற்றச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. இன்றும் பலவற்றில் பார்க்கலாம்.

இவ்வளவையும் படித்துவிட்டு இது வெறும் பணக்காரப் பையன்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. கோவாவில் 2014 முதல் மழைக்காலத்தில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் பந்தயத்தைப் பார்த்தால் இந்த வண்டிகள் எதற்காகப் பிறந்தவை என்று விளங்கும். மலேசியாவில் 1997-ல் தொடங்கிய பந்தயத்தின் இந்தியப் பதிப்பு அது. இடுப்பளவு செம்மண் சேற்றில், ஓடைகளில், வண்டி நட்டுக்குத்தாக நிற்கும் சரிவுகளில் ஓட்டியும் வின்ச் கம்பியால் இழுத்தும் கரையேறுகிறார்கள். ஆழமான வெட்டுள்ள சேற்று டயர் அங்கே அலங்காரமல்ல. சக்கரம் சுழலும்போது அந்த வெட்டுகள் சேற்றைத் துப்பிவிட்டு மறுபடி கடிக்கின்றன. சாதாரண டயர் வெண்ணெய் தடவிய மாதிரி ஒரே இடத்தில் சுற்றும். டயரைவிடப் பெரிய ரகசியம் காற்று. சாலையில் 30 பவுண்டு வைப்பவர்கள் மணலிலும் சேற்றிலும் 15-க்கு இறக்கிவிடுகிறார்கள். டயர் தரையில் நீளமாகப் படிந்து பிடிக்கிறது. ஜெய்சால்மர் மணல்மேட்டில் புதையும் வண்டிகளில் பலவற்றைக் காப்பாற்ற லிஃப்ட் கிட் வேண்டாம். காற்று இறக்க ஒரு குச்சியும் திரும்ப ஏற்ற ஒரு பம்ப்பும் போதும். இதற்கு ஆகும் செலவு சொற்பம் என்பதால் யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை.

2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது தூக்கிய ஜீப்களின் மதிப்பு ஊருக்குத் தெரிந்தது. மூச்சுக்குழாயைக் கூரை வரை உயர்த்தி வைத்த வண்டிகளோடு ஜீப் மன்றங்களைச் சேர்ந்தவர்கள் தண்ணீருக்குள் இறங்கினார்கள். மீனவர்களின் படகுகள் செய்த வேலைக்கு அது ஈடல்ல என்றாலும், படகும் போகாத, பஸ்ஸும் போகாத முழங்கால், இடுப்பளவுத் தண்ணீரில் அரிசியும் மருந்தும் போனது அவற்றில்தான். நோயாளிகள் வந்ததும் அவற்றில்தான்.

ஐந்து மாதத்தில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அதுவும் கேரளத்து வழக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்.சி.யில் உள்ளவற்றுக்கும் முரண்படும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரி 9 அன்று நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் வினீத் சரணும் தீர்ப்பளித்தார்கள். மாற்றத்துக்கு இடம் கொடுத்த கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ரத்தானது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட சட்டம் தண்டனையையும் கூட்டியது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காகிதத்தில் மட்டும் இருக்கும் மிரட்டல் அல்ல இது. 2022-23 குளிர்காலத்தில் ஸ்ரீநகரில் ஒரு தார் உரிமையாளருக்கு மாஜிஸ்திரேட் ஆறு மாதம் விதித்து, நன்னடத்தை ஜாமீனில் விட்டு, வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர உத்தரவிட்டார்.

சட்டத்தின் நோக்கத்தில் தவறில்லை. வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றுகிற கட்டமைப்பு மாற்றம்தான் குற்றம் என்று அதே பிரிவு விளக்கமும் தருகிறது. சிக்கல் வேறு. எத்தனை மில்லிமீட்டர் தூக்கினால் அடிப்படை மாறுகிறது என்று அதில் இல்லை. கார்களின் ஆர்.சி. அட்டையில் பொதுவாக டயர் அளவு இருப்பதுமில்லை. சோதனைச் சாவடியில் நிற்பவரின் கண்ணும் அன்றைய மனநிலையும்தான் அளவுகோல். ஆஸ்திரேலியாவில் வாகன மாற்றத்துக்கென்றே தேசிய விதித் தொகுப்பு இருக்கிறது. சுமார் 50 மி.மீ. வரை தூக்குவது எளிது. அதற்கு மேல் போனால் அங்கீகாரம் பெற்ற பொறியாளர் சோதித்துச் சான்று தர வேண்டும். ஜெர்மனியில் ரிம் மாற்றினால்கூடப் பரிசோதனை உண்டு. பட்டையை ஆக்ஸிலுக்கு மேல் ஏற்றியவரின் பிரேக் ஹோஸ் எட்டுகிறதா, கிராஸ் ஜாயின்ட் தாங்குமா என்று அங்கே யாரோ ஒருவர் அடியில் படுத்துப் பார்க்கிறார். இங்கே அப்படிப் பார்க்க ஆளில்லை. முழுக்கத் தடை என்று சொல்லிவிட்ட பிறகு நல்ல வேலையும் மோசமான வேலையும் சட்டத்தின் முன் ஒன்றாகிவிடுகின்றன. நன்றாகச் செய்யும் பட்டறைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இன்ஷூரன்ஸ் இன்னொரு பொறி. அறிவிக்காத மாற்றத்தைக் காட்டி விபத்து இழப்பீட்டை நிறுவனம் மறுக்கலாம். அறிவித்தாலோ, சட்டவிரோதமானதை எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

நம்மவர்கள் இதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். பந்தயத்தில் தீவிரமாக இருப்பவர்கள் வண்டியைச் சாலையில் இறக்காமல் லாரியில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். மற்றவர்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் தார்பாய் போட்டு நான்கு டயர்களைப் பத்திரப்படுத்துகிறார்கள், கம்பெனி ரிம்மோடு, தேயாத முள்ளோடு. எஃப்.சி. நாளுக்கு முந்தின இரவு அவை வெளியே வரும். மறுநாள் மாலை திரும்ப உள்ளே போகும்.