சிறிய எஞ்சின், பெரிய கணக்கு

கல்முனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் பிரதான வீதியில் மருதமுனையை அடுத்து வருவது பெரியநீலாவணை. அம்பாறை மாவட்டத்தின் வடக்கு எல்லைக் கிராமம். கிழக்கே கடல், மேற்கே வயல். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை பல உயிர்களைக் கொண்டுபோன கரை இது. தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் இக்கரையில், ஓர் இளைஞர் நம்மிடம் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

"ஃபாதர், மோட்டார் சைக்கிள் எஞ்சினப் போட்டு ஒரு கார ஓட்ட ஏலுமா?"

அவர் ஓட்டோக்கள் திருத்தும் ஒரு கராஜில் வேலை செய்பவர். தகப்பனாருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இயங்காமல் போய்விட்டது. மோட்டார் சைக்கிளில் பின்னால் இருக்க முடியாது. மாதாமாதம் கல்முனை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு ஓட்டோ பிடித்துத்தான் போகவேண்டும். கூலிக்கே நாட்கூலியில் பாதி போய்விடும். எஞ்சின் செத்துப்போன பழைய மாருதி 800 ஒன்று இரும்பு விலைக்கு அவருக்குக் கிடைத்திருந்தது. விபத்தில் நொறுங்கிய 150 சீசீ மோட்டார் சைக்கிள் ஒன்றின் எஞ்சினும் கைவசம் இருந்தது.

நாம் யோசிக்காமலே பதில் சொன்னோம்: "அது ஆகாத காரியம், தம்பி."

கராஜ் உரிமையாளர் மருதமுனையைச் சேர்ந்தவர். எல்லோருக்கும் அவர் 'நானா'. கையைத் துடைத்துக்கொண்டே அமைதியாகக் கேட்டார்: "நீங்க இப்ப வந்திறங்கின ஓட்டோ என்ன எஞ்சின்ல ஓடுது, ஃபாதர்?"

நம்மிடம் பதில் இருக்கவில்லை.

பழைய யோசனைதான்

ஓட்டோவின் பிறப்பே ஸ்கூட்டர் எஞ்சினில்தான். இரண்டாம் உலகப் போரில் நொந்துபோன இத்தாலியில், பியாஜியோ நிறுவனம் தனது வெஸ்பா ஸ்கூட்டரின் எஞ்சினைக் கொண்டே 1948 அளவில் 'ஆப்பே' என்ற முச்சக்கர வண்டியை விற்பனைக்கு விட்டது. அந்த வழியில் வந்த வண்டிகளே இந்தியாவிலும் பிறகு நமது வீதிகளிலும் பரவின. இலங்கையில் பதிவான முச்சக்கர வண்டிகள் இன்று பத்து இலட்சத்துக்கும் மேல்.

கார் என்று எடுத்தாலும் இது புதிதல்ல. இங்கிலாந்தில் மோர்கன் 1910 இலேயே மோட்டார் சைக்கிள் எஞ்சின் பூட்டிய மூன்று சக்கரக் காரைக் காட்சிக்கு வைத்தார். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1955 இல் 'இசெற்றா' என்ற முட்டை வடிவக் காரை வெளியிட்டது. அதில் இருந்தது அந்நிறுவனத்தின் மோட்டார் சைக்கிளில் இருந்து வந்த 247 சீசீ ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். வலு 12 குதிரைவலு. காரின் எடை ஏறத்தாழ 350 கிலோ. 1956 இல் சூயெஸ் நெருக்கடியால் பெற்றோல் அரிதானபோது ஐரோப்பாவில் இத்தகைய சிறு கார்களுக்குக் கிராக்கி கூடியது. உற்பத்தி நின்ற 1962 வரை ஒரு இலட்சத்து அறுபதாயிரத்துக்கும் அதிகமான இசெற்றாக்கள் வெளிவந்தன.

நம் காலத்தில் பஜாஜ் நிறுவனத்தின் 'கியூட்' இருக்கிறது. நான்கு சக்கரம், 216 சீசீ ஒற்றைச் சிலிண்டர், எடை ஏறத்தாழ 400 கிலோ. குஜராத்தின் அம்ரேலி மாவட்டத்தில் மன்சுக்பாய் ஜகானி என்ற கிராமத்துக் கைவினைஞர், மாடு வாங்க வசதியில்லாத விவசாயிகளுக்காகப் புல்லட் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி, அந்த இடத்தில் உழவுக் கருவி பூட்டிய வண்டியை 1994 இல் உருவாக்கினார். தேவை ஒன்று, கையில் உள்ளது வேறொன்று. இரண்டையும் பொருத்துபவனே கைவினைஞன்.

நமக்கும் இந்த அனுபவம் உண்டு. 1990களில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. 2022 இல் எரிபொருள் பங்கீடு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்றே தொடங்கியது. அந்த வரிசைகளில் நின்றவர்களுக்குச் சிறிய எஞ்சினின் அருமையை நாம் விளக்க வேண்டியதில்லை.

உட்கார்ந்து கணக்குப் போடுவோம்

கோபுரம் கட்டப் புறப்படுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்பது ஆண்டவரின் உவமை. இளைஞரும் நானாவும் ஒரு கொப்பியைத் திறந்தார்கள். நாமும் பக்கத்தில் அமர்ந்தோம்.

மாருதியின் எடை ஏறத்தாழ 650 கிலோ. மூன்று பேர் ஏறினால் 830 கிலோ. எஞ்சினின் வலு 13 குதிரைவலு. ஒரு தொன்னுக்கு ஏறத்தாழ 16 குதிரைவலு வருகிறது. 200 சீசீ ஓட்டோவுக்கு வலு ஏறத்தாழ 10, நான்கு பேருடன் அதன் எடை 600 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, தொன்னுக்கு 17. ஆகவே இந்தக் கார் ஓட்டோ போலவே ஓடும். ஆனால் மாருதியின் சொந்த எஞ்சினுக்கு வலு ஏறத்தாழ 37. அந்த ஓட்டத்தை யாரும் எதிர்பார்க்கக் கூடாது. நல்லவேளை, நமது கரையோர வீதி சமதரை. மேடு என்று சொல்லப் பாலங்கள்தான் உண்டு.

ஓடும் என்பது தெளிவானதும் சிக்கல்கள் வரிசையாக வந்தன.

முதலாவது, கிளச். மோட்டார் சைக்கிளின் கிளச் ஆட்களோடு சேர்த்து 300 கிலோ அளவுக்கே செய்யப்பட்டது. 830 கிலோவை நின்ற இடத்திலிருந்து நகர்த்தினால் கருகிவிடும். மோட்டார் சைக்கிளுக்கு றிவேர்ஸ் கியரும் இல்லை. இரண்டுக்கும் ஒரே தீர்வு: மாருதியின் கியர்பெட்டியைக் கழற்றாமல் விட்டு, மோட்டார் சைக்கிளின் சங்கிலியை அதன் உள்தண்டுடன் இணைப்பது. காரின் முதல் கியர் பாரத்தைக் குறைக்கும், றிவேர்ஸும் கிடைக்கும், வளைவில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல உதவும் டிஃபரன்சியலும் அதற்குள்ளேயே இருக்கிறது. (இசெற்றாவில் பின்சக்கரங்கள் இரண்டும் அரை மீற்றர் இடைவெளியில் நெருங்கி இருந்ததால் டிஃபரன்சியல் தேவைப்படவில்லை.) ஆனால் தண்டு சுழலும் திசை பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் முன்னால் போக ஒரு கியரும் பின்னால் போக நான்கு கியரும் உள்ள கார் கிடைக்கும் என்று நானா சிரித்தார்.

இரண்டாவது, சூடு. மோட்டார் சைக்கிள் எஞ்சினை ஓடும் காற்று குளிர்விக்கிறது. பொனெற்றுக்குள் அடைத்தால் காற்று இல்லை. ஓட்டோவில் உள்ளதுபோல விசிறியும் காற்றை வழிநடத்தும் தகட்டு உறையும் வேண்டும்.

மூன்றாவது, மின்சாரம். மோட்டார் சைக்கிள் ஒரு விளக்குக்கே மின்சாரம் செய்கிறது. காரின் இரு பெரிய விளக்குகளும் மழை துடைப்பானும் சேர்ந்தால் பற்றரி இறங்கிவிடும். மாரியில் இரவுப் பயணம் ஆபத்து.

நான்காவது, பிரேக். வண்டியை ஓட்டுவது எஞ்சின். உயிரைக் காப்பது பிரேக். வேகம் இரட்டித்தால் நிறுத்த உறிஞ்ச வேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது. மாருதியின் பிரேக்கை முழுதாகப் புதுப்பிக்காமல் எஞ்சினில் கைவைக்கக் கூடாது என்பது நானாவின் கட்டளை.

நாம் கற்ற பாடம்

மூன்று மாத வேலைக்குப் பிறகு ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தது. சுற்றுமதில் உள்ள ஒரு வளவு. நமக்கோ ஆசை: தகப்பனாரை முன் ஆசனத்தில் இருத்தி, ஆசீர்வதித்து, ஒரு படமும் எடுக்க வேண்டும். நானா மறுத்துவிட்டார். "முதல்ல வெறும் வண்டி ஓடட்டும், ஃபாதர்."

கார் நகர்ந்தது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். இரண்டாவது சுற்றில் இரு கியர்பெட்டிகளும் முதல் கியரில் இருக்க, இளைஞர் கிளச்சைச் சட்டென்று விட்டார். அந்தத் திடீர் இழுவையைச் சங்கிலி தாங்கவில்லை. அறுந்து, தகட்டைக் கிழித்துக்கொண்டு முன் ஆசனத்தின் காலடிக்கு வந்தது. இயங்காத கால் இருந்திருக்க வேண்டிய இடம் அது. நாம் பேச்சிழந்து நின்றோம்.

அன்றே தடித்த இரும்பில் சங்கிலிக் காப்பு செய்யத் தொடங்கினார்கள். இரு முதல் கியர்களையும் ஒன்றாகப் போடாதபடி ஒரு தடையும் வைத்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. எஞ்சின் இலக்கமும் வகையும் பதிவுப் புத்தகத்தில் உள்ளவை. அவற்றை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாத வண்டி வீதியில் ஒருவரை மோதினால் காப்புறுதி கைவிடக்கூடும். அந்தக் குடும்பத்துக்கும் நியாயம் கிடைக்காமல் போகலாம். ஆகவே அந்தக் கார் இன்னும் வளவை விட்டு வெளியேறவில்லை. தகப்பனார் இப்போதும் ஓட்டோவில்தான் கிளினிக்குப் போகிறார்.

அப்படியானால் இம்முயற்சி வீணா? இல்லை. அந்தக் கொப்பி இப்போது கராஜில் வேலை பழகும் மற்றப் பையன்களின் கையில் இருக்கிறது. எடையும் வலுவும், சூடும் பிரேக்கும் அவர்களுக்குப் பாடப் புத்தகத்துச் சொற்கள் அல்ல. சிறு பாரம் ஏற்றும் வண்டிகளின் கியர்பெட்டி வேலை அந்த இளைஞரைத் தேடி வருகிறது. அந்த வருமானத்தில்தான் ஓட்டோக் கூலி கொடுபடுகிறது.

அபிவிருத்தி என்ற பெயரில் நாம் திறப்பு விழாக்களையும் படங்களையும் அதிகம் விரும்பிவிட்டோமோ? முதலில் "ஆகாது" என்றோம். பிறகு அவசரப்பட்டுக் கொண்டாட நின்றோம். இரண்டுமே பிழை. கேள்வி கேட்கும் இளைஞனுக்குத் தேவை, கூட இருந்து கணக்குப் பார்க்கும் ஒருவரும், தவறினாலும் எவருக்கும் காயம் வராத ஒரு வளவும். நமது பங்குகளிலும் சங்கங்களிலும் அந்த இரண்டையும் கொடுக்க முடியாதா?