கடிபட்ட இலைகளின் தோட்டம்

வண்ணத்துப்பூச்சிகள் தோட்டத்துக்கு வந்துபோக, தேன் தரும் பூக்கள் போதும். அங்கேயே பெருகுவதற்குப் புழுக்கள் தின்னும் இலை வேண்டும். பெரும்பாலான இனங்களின் புழுக்கள் குறிப்பிட்ட சில செடிகளை மட்டுமே உண்ணும் என்பதால், பூச்சி பார்ப்பவர் முதலில் பழக வேண்டியது செடிகளோடுதான்.

தமிழ்நாட்டு வீடுகளில் இதற்குக் கறிவேப்பிலையைவிட நல்ல தொடக்கம் இல்லை. கறிவேப்பிலை அழகி என்னும் கறுப்பு வண்ணத்துப்பூச்சி இதிலும் எலுமிச்சை, நாரத்தையிலும் முட்டையிடுகிறது. பெண் பூச்சி இலைமேல் இறங்கி முன்கால்களால் தட்டிப் பார்க்கும். கால்களிலுள்ள உணர்விகளே இலையின் சுவையை அறிந்து, இதுதான் செடி என்று சொல்கின்றன. பிறகு ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டு நகரும். சில நாளில் வெளிவரும் புழு, பழுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சத்தைப் போலவே இருப்பதால் பறவைகள் ஏமாறுகின்றன. கடைசியாகத் தோலுரித்ததும் பச்சை நிறத்துக்கு மாறிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த, கவைபோன்ற உறுப்பை நீட்டி நெடி பரப்பும். இவ்வினப் பெண்களில் ஒரு பகுதி ரோஜா அழகியைப் போலத் தோற்றம் கொண்டவை. ரோஜா அழகியோ புழுப் பருவத்தில் ஆடுதீண்டாப்பாளையைத் தின்று அதன் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதை ஒதுக்குகின்றன. அந்த அச்சம் இந்த நஞ்சற்ற பெண்களையும் காக்கிறது.

எருக்கில் வெந்தய வரியன், ஆவாரையிலும் கொன்றையிலும் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் என்று மற்ற செடிகளுக்கும் அவற்றுக்கு உரியவை உண்டு. களை என்று எருக்கைப் பிடுங்கும் முன் அதன் இலைகளின் அடிப்புறத்தை ஒருமுறை பார்ப்பது நல்லது. திருச்சியில் ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் 2015இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவிலும் தேன் செடிகளோடு புழுக்களுக்கான செடிகளும் வளர்க்கப்படுகின்றன.

வெயில் ஏறத் தொடங்கும் காலை நேரம் பார்ப்பதற்கு ஏற்றது. உடல் சூடேறினால்தான் இவற்றால் நன்றாகப் பறக்க முடியும். அதுவரை சிறகை விரித்து வெயில் காயும். ஈரமண்ணில் கூட்டமாக அமர்பவை பெரும்பாலும் ஆண்கள். மண்ணிலிருந்து அவை உறிஞ்சும் உப்புகள் இணை சேரும்போது பெண்ணுக்குப் போகின்றன.

ரோஜா இலையின் ஓரத்தில் வட்டவட்டமாக வெட்டு விழுந்திருந்தால் அது நோயல்ல. இலைவெட்டித் தேனீ கூட்டறைகளுக்காக அந்தத் துண்டுகளை எடுத்துச் சென்றிருக்கிறது. செடிக்குப் பெரிய கேடில்லை. காய்ந்த மூங்கிலையும் மரத்தையும் துளைத்துக் குடியிருக்கும் பெரிய கருவண்டு உண்மையில் தச்சுத் தேனீ. பூச்சிமருந்து இவற்றையும் புழுக்களையும் சேர்த்தே கொல்லும். கறிவேப்பிலையில் நான்கு கிளை மொட்டையானாலும் மறுபடி தளிர்த்துவிடும் என்பதால் அங்கே மருந்துக்கு வேலையே இல்லை.