சுவிட்சை விட்டு எழுந்தவர்கள்

1961-ல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஒரு விளம்பரம் வந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் நினைவாற்றல் ஆய்வு. ஒரு மணி நேரத்துக்கு 4 டாலர், வழிச்செலவுக்கு 50 சென்ட். நம்பிப் போனவர்களை உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் ஒரு சுவிட்சுப் பெட்டியின் முன் உட்கார வைத்தார். அடுத்த அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொல்லும்போதெல்லாம் ஷாக் கொடுக்க வேண்டும். 15 வோல்ட்டில் தொடங்கி 450 வரை. ஷாக்கும் பொய், அலறலும் நடிப்பு. உட்கார்ந்தவருக்குத்தான் அது தெரியாது. தயங்கினால், சாம்பல் நிறக் கோட் போட்ட ஆய்வாளர் தொடரச் சொல்வார். 40 பேரில் 26 பேர் கடைசி சுவிட்சு வரை போனார்கள்.

இந்த எண் ஊரறிந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது, அதே ஆய்வில் அவ்வளவாகப் பேசப்படாத இரண்டு சுற்றுகள். ஒன்றில், பக்கத்தில் தாங்களும் வந்தவர்கள் போல நடிக்கும் மில்கிராமின் ஆட்கள் இருவர். 150 வோல்ட்டில், அதாவது உள்ளே இருப்பவர் தன்னை விடச் சொல்லிக் கத்தும் கட்டத்தில், ஒருவர் எழுந்துவிடுகிறார், 210-ல் அடுத்தவர். அதன் பிறகும் கடைசி வரை போனவர்கள் 40-ல் நான்கே பேர். இன்னொன்றில் சுவிட்சை அழுத்துவது வேறொருவர், வந்தவருக்குச் சின்னச் சின்ன வேலைதான். அதில் 37 பேர் கடைசி வரை கூடவே இருந்தார்கள். கோட் அதே கோட்தான்.

2006-ல் கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா பல்கலைக்கழகத்தில் ஜெரி பர்கர் இதை மறுபடி நடத்தினார். காலம் மாறியிருந்தது. மனநலம் சோதித்தே ஆள் எடுத்தார்கள். எப்போது வேண்டுமானாலும் போகலாம், 50 டாலர் உங்களுக்கே என்று மூன்று தடவை சொன்னார்கள். 150-ஐத் தாண்ட முனைந்ததும் நிறுத்தி உண்மையை உடைத்தார்கள். யேலில் வந்தவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் இது நல்ல மாற்றம்தான். கீழ்ப்படிதல் மட்டும் பெரிதாக மாறவில்லை. அன்று 150-ஐத் தாண்டியவர்கள் 40-ல் 33 பேர். 2006-ல் தாண்டத் தயாராக இருந்தவர்கள் 40-ல் 28 பேர்.

பர்கரும் மறுப்பவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தார். அவர் 90 வோல்ட்டிலேயே எழுந்துவிட்டார். அப்படியும் 30 பேரில் 19 பேர் தொடர்ந்தார்கள். அந்தக் கட்டத்தில் உள்ளிருந்து வந்தது முனகல் மட்டுமே, யாரும் விடச் சொல்லிக் கேட்கவில்லை. எழுந்தவரும் ஒரே ஆள். அதனால்தான் பலிக்கவில்லை என்று நினைக்கிறேன். பர்கரின் முறையில் இதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. மில்கிராமின் முதல் ஆள் எழுந்த இடத்திலேயே அவருடைய சோதனை முடிந்துவிடுகிறது.