ஒரே இடத்துக்குப் பல முகவரிகள்

2/4, 3/6, 50/100 ஆகிய மூன்று பின்னங்களும் சமமா? சமமே என்பீர்கள். சுருக்கினால் மூன்றும் 1/2 ஆகிவிடுகின்றன. ஆனால் சுருக்கத் தெரியாமல், எழுதியிருப்பதை மட்டும் ஒப்பிடுகிற ஒருவருக்கு அவை மூன்றும் வேறு வேறு. கணிப்பொறி அத்தகைய ஆள்தான்!

இணையத்தில் நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது அதன் முகவரி சர்வருக்குச் செல்கிறது. எந்தப் பாதைக்கு எந்தப் பக்கம் என்று அங்கே ஒரு நிரல் தீர்மானிக்கிறது. அதற்கு முன் பாதையைச் சுருக்கி ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். இதற்குப் 'பாதையைச் சீராக்கல்' என்று பெயர்.

நம் குமரி மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம்.

/தோவாளை/ஆரல்வாய்மொழி/../பூதப்பாண்டி

சாய்கோடு, 'உள்ளே செல்' என்கிறது. ஒரு புள்ளி, 'இங்கேயே நில்'. இரு புள்ளிகள், 'ஒரு படி மேலேறு'. ஆகவே ஆரல்வாய்மொழிக்குள் போய், வெளியே வந்து, பூதப்பாண்டிக்குள் நுழைகிறோம். சுருங்கிய பாதை: /தோவாளை/பூதப்பாண்டி.

கணிப்பொறி இதை எவ்வாறு செய்கிறது? தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது போலத்தான். பெயர் வந்தால் அடுக்கின் மேல் வைக்கிறது. இரு புள்ளிகள் வந்தால் மேல் தட்டை எடுத்துவிடுகிறது. ஒற்றைப் புள்ளியைப் பொருட்படுத்துவதில்லை. 2005இல் வெளியான இணைய முகவரித் தரவிதியும் இம்முறையை விளக்குகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. முகவரியில் நேரடியாக எழுத முடியாத குறிகளை, சதவீதக் குறியும் பதினாறடிமான எண்ணும் சேர்த்து எழுதுவார்கள். இடைவெளியின் எண் 32. அது %20 ஆகிறது. புள்ளியையும் இப்படி மறைத்து எழுதலாம். ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

2021 அக்டோபரில் அப்பாச்சி சர்வரின் 2.4.49 பதிப்பில் ஒரு பிழை வெளிப்பட்டது. இரு புள்ளிகளில் ஒன்றை மறைத்து எழுதினால், சீராக்கும் பகுதி அதைக் கண்டுகொள்ளவில்லை. தக்க தடை அமைக்காத சர்வர்களில், பொதுமக்களுக்கான கோப்புறையைத் தாண்டி மேலேறி, பிற கோப்புகளைப் படிக்க அது வழிவிட்டது. திருத்திய 2.4.50 பதிப்பையும், இருமுறை மறைத்து எழுதி ஏமாற்ற முடிந்தது. சில நாட்களிலேயே 2.4.51 வெளியிட நேர்ந்தது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் பாதையைச் சாய்கோடுகளில் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் மறைப்பை ஒரே ஒரு முறை நீக்க வேண்டும். நீக்கியபின் பெயருக்குள் புதிதாகச் சாய்கோடு முளைத்தால் அந்தக் கோரிக்கையை மறுத்துவிடுவது நல்லது. அடுத்து, புள்ளிகளைச் சுருக்க வேண்டும். அனுமதி உண்டா என்ற சோதனை அதன் பின்னரே. காவலர் பார்த்த சீட்டும் உள்ளே காட்டும் சீட்டும் ஒன்றாக இருக்க வேண்டுமல்லவா?

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. 'நாகர்கோவில்' என்பதிலுள்ள 'கோ'வைக் கவனியுங்கள். யூனிகோடில் க-வின் எண் 2965. அதோடு 3019 என்ற ஒரே குறியைச் சேர்க்கலாம். அல்லது இரட்டைச் சுழிக்கு 3015, காலுக்கு 3006 என இரு குறிகளைச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கு வேறு வேறு! சீராக்காவிட்டால், பக்கம் இருந்தும் 'இல்லை' என்ற பதில் வரக்கூடும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் மென்பொருள், தலைப்புகளைச் சேர்ந்த வடிவுக்கு மாற்றிக்கொள்வதால் இத்தொல்லை அங்கு எழுவதில்லை.

சரியாகச் சீராக்கினோமா என்று எப்படி அறிவது? 1/2-ஐ மீண்டும் சுருக்கினாலும் 1/2தான். அதுபோல, சீரான பாதையில் புள்ளிகளை மீண்டும் சுருக்கினாலும் அது மாறக்கூடாது.

இப்போது தாளில் தட்டுகளை வரைந்து இதைச் சுருக்கிப் பாருங்கள்:

/அகஸ்தீஸ்வரம்/சுசீந்திரம்/./../கோட்டாறு/../../விளவங்கோடு

கடைசியில் அடுக்கில் ஒரே ஒரு தட்டு மிஞ்சினால் உங்கள் விடை சரி!