சிறு உற்பத்தித் தொழிலை வளர்த்தல்: வணிக நூல்கள் கூறும் பாடங்கள்

குறைந்த முதலீட்டில் ஒரு பொருளைத் தயாரித்து, அதற்கென ஒரு பெயர் வைத்துச் சந்தைக்குக் கொண்டுவரும் புதிய முயற்சியே சிறு உற்பத்தித் தொழில் எனப்படுகிறது. ஊறுகாய், செக்கு எண்ணெய், கடலை உருண்டை, ஊதுவத்தி, சோப்பு போன்றவை இவ்வகையில் அடங்கும். இத்தகைய தொழிலைத் தொடங்குவதைவிட வளர்ப்பதே கடினம். பல குடும்பங்களின் சேமிப்பும் அடகு வைத்த நகையும் இதில் அடங்கியிருப்பதால், வளர்ச்சியின் வழிமுறைகளை அறிந்துகொள்வது அவசியமாகிறது. விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு வணிக நூல்களின் கருத்துகள் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அருகிலுள்ள முன்மாதிரி

இன்றைய விழுப்புரம் மாவட்டம் 1993 செப்டம்பர் 30 வரை கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அந்தக் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், எளிய மக்களும் வாங்கும் வகையில் பொருள்களைச் சிறு பொட்டலங்களில் அடைத்து விற்க முயன்றவர். அவருக்குப் பின் அவருடைய பிள்ளைகள் வெல்வெட் ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் விற்றனர். குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்த சி. கே. ரங்கநாதன், 1983இல் 15,000 ரூபாய் முதலீட்டில் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். தந்தையின் பெயரிலிருந்து பிறந்ததே 'சிக்' என்னும் பெயர். அந்நிறுவனமே 1998இல் கெவின்கேர் என்று பெயர் மாறியது.

ஷாம்பு பழக்கமில்லாத சிற்றூர்களில், தலைக்கு எப்படித் தேய்ப்பது என்று விற்பனையாளர்கள் நேரில் செய்து காட்டினர். எந்த நிறுவனத்தின் ஷாம்புவாக இருந்தாலும் ஐந்து காலி உறைகளைக் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்னும் திட்டம் முதலில் வந்தது. பின்னர் சிக் உறைகளுக்கு மட்டும் என அது மாற்றப்பட்டது. முதற்கட்டம் புதியவர்களைச் சுவைக்க வைத்தது. இரண்டாம் கட்டம் அவர்களைத் திரும்ப வாங்க வைத்தது.

நூல்கள் கூறுவன

வாங்கும் சக்திக்கேற்ற அளவு: கோயம்புத்தூரில் பிறந்த மேலாண்மை அறிஞர் சி. கே. பிரகலாத், 'தி ஃபார்ச்சூன் அட் தி பாட்டம் ஆஃப் தி பிரமிட்' (2004) என்னும் நூலில், ஏழை மக்களும் தேர்ந்து வாங்கும் வாடிக்கையாளர்களே என்று வாதிட்டார். நாட்கூலி பெறுபவர் மாதத்துக்கான பெரிய பாட்டிலை ஒரே நேரத்தில் வாங்க இயலாது. ஆனால் அன்றைய தேவைக்கான சிறு பாக்கெட்டை அவரால் வாங்க முடியும்.

சிறிதாகச் சோதித்தல்: எரிக் ரீஸ் எழுதிய 'தி லீன் ஸ்டார்ட்அப்' (2011), பெருமளவில் தயாரிப்பதற்கு முன் சிறிதளவு செய்து விற்று, கிடைக்கும் பாடத்தைக் கொண்டு திருத்த வேண்டும் என்கிறது. ராப் ஃபிட்ஸ்பேட்ரிக்கின் 'தி மாம் டெஸ்ட்' (2013) இதற்கு ஓர் எச்சரிக்கையைச் சேர்க்கிறது. "நன்றாக இருக்கிறதா?" என்று உறவினரிடம் கேட்டால் முகதாட்சணியத்துக்காக "ஆம்" என்றே சொல்வர். போன வாரம் எதை, எங்கே, என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று கேட்பதே உண்மையை வெளிக்கொணரும்.

ஒரு வட்டத்தில் வேரூன்றல்: ஜெஃப்ரி மூரின் 'கிராசிங் தி காஸம்' (1991) உயர்தொழில்நுட்பப் பொருள்களைப் பற்றியது. எனினும் முதலில் ஒரு குறுகிய சந்தையை முழுமையாகப் பிடிக்க வேண்டும் என்னும் அதன் கருத்து எல்லாத் தொழிலுக்கும் உரியது. பத்து ஊர்களில் பத்துப் பத்துக் கடைகளுக்கு அலைவதைவிட, திண்டிவனம் நகரின் நூறு கடைகளில் தவறாமல் சரக்கு இருப்பது போக்குவரத்துச் செலவைக் குறைக்கும், பெயரையும் நிலைநிறுத்தும்.

முறைப்படுத்தல்: கைப்பக்குவம் உள்ளவர் எல்லாரும் தொழில் நடத்தத் தெரிந்தவர் ஆகார் என்பது மைக்கேல் கெர்பரின் 'தி ஈ-மித் ரீவிசிட்டட்' (1995) தரும் பாடம். வெல்லப் பாகின் பதமும் கடலையின் எடையும் ஒருவர் கையில் மட்டும் இருந்தால், அவர் படுத்துவிட்டால் தொழிலும் படுத்துவிடும். அளவுகளை எழுதி வைத்து மற்றவருக்குக் கற்பிக்க வேண்டும்.

தடை எங்கே என்று காணல்: எலியாஹு கோல்ட்ராட், ஜெஃப் காக்ஸ் ஆகியோரின் 'தி கோல்' (1984) புதின வடிவில் அமைந்தது. ஓர் ஆலையின் வேகம் அதன் மிக மெதுவான கட்டத்தின் வேகமே என்பது அதன் சாரம். உறை ஒட்டும் இயந்திரம் ஒன்றே இருக்கும்போது உருண்டை பிடிக்க மேலும் ஐந்து பேரை அமர்த்துவது வீண்.

கடன் விற்பனையும் கைமுதலும்

விழுப்புரம் மாவட்டம் மணிலா விளையும் பூமி. மக்கள் வழக்கில் இது மல்லாட்டை. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 ஆகிய நிலக்கடலை இரகங்கள் புகழ்பெற்றவை. எனவே மல்லாட்டை உருண்டையையே கற்பனைக் கணக்காகக் கொள்ளலாம்.

ஒரு பாக்கெட்டின் அடக்கவிலை 6 ரூபாய்; இதில் வீட்டாரின் உழைப்புக்கான கூலியும் சேரும். கடைக்கு விற்கும் விலை 8 ரூபாய். நாளொன்றுக்கு 100 பாக்கெட் விற்று, கடைக்காரர்களுக்கு 30 நாள் கடன் கொடுத்தால், மாத இலாபம் 6,000 ரூபாய். ஆனால் எந்த நேரத்திலும் 18,000 ரூபாய் (100 × 30 × 6) கடைகளில் முடங்கிக் கிடக்கும்.

விற்பனை 200 பாக்கெட்டாக உயர்ந்தால் முடங்கும் தொகை 36,000 ஆகிறது. கூடுதலாகத் தேவைப்படும் 18,000 ரூபாய், பழைய கணக்கில் மூன்று மாத இலாபம். விற்பனை பெருகும்போதே நகை அடகுக்குப் போவது இதனால்தான். கடன் நாள்களை 10ஆகக் குறைத்தால், 200 பாக்கெட்டுக்கும் 12,000 ரூபாயே முடங்கும். அதாவது புதுக்கடன் வாங்காமலே விற்பனையை இரட்டிப்பாக்க முடியும்.

இதற்குச் சட்டத் துணையும் உண்டு. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006இன்படி, குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்களுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. தாமதித்தால் வட்டி தர வேண்டும். இதன் பயனைப் பெற உதவும் உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதற்குக் கட்டணம் இல்லை.

நூல்களின் வரம்புகள்

வணிக நூல்களில் பெரும்பாலானவை வென்றவர்களின் கதையையே பேசுகின்றன. அதே வழியில் சென்று தோற்றவர்கள் அவற்றில் இடம்பெறுவது அரிது. பல நூல்கள் அமெரிக்கச் சூழலில் எழுந்தவை. கடைக்காரருக்குக் கடன் கொடுத்தே சரக்கு வைக்கும் நிலையையும், குடும்பச் செலவும் தொழில் பணமும் ஒரே பெட்டியில் இருக்கும் வழக்கத்தையும் அவை பேசுவதில்லை. வெற்றிக்கும் விலை உண்டு. ஷாம்புவை ஏழைகளிடம் கொண்டுசேர்த்த அதே பல அடுக்கு நெகிழி உறை, மறுசுழற்சிக்கு எளிதில் உட்படாத குப்பையாக இன்று தெருவிலும் ஏரிக்கரையிலும் கிடக்கிறது.

ஆகவே நூல் கூறுவதை அப்படியே பின்பற்றாமல், ஒரு தெருவில், ஒரு மாதம், இழந்தாலும் தாங்கக்கூடிய தொகையில் சோதித்துப் பார்ப்பதே பாதுகாப்பானது. அன்றாட வரவு செலவை எழுதும் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால்தான் அந்தச் சோதனையின் விடை தெரியும்.