மலிவான டிவிக்கு நாம் கொடுக்கும் இன்னொரு விலை
வீட்டுக்குள் வந்த ஸ்மார்ட் கருவிகள் யாருக்கு என்ன சொல்கின்றன? சட்டம் எங்கே நிற்கிறது? ஒரு விளக்கம்

ராமநாதபுரம் மாவட்டத்தில், உச்சிப்புளிக்குத் தெற்கே மன்னார் வளைகுடாக் கரையில் இருக்கிறது புதுமடம். கடலுக்குப் போகிறவர்களும் அரபு நாடுகளுக்குப் பிழைக்கப் போகிறவர்களும் சேர்ந்து வாழும் ஊர். வாப்பா துபாயில், உம்மாவும் பிள்ளைகளும் ஊரில் என்று இருக்கும் குடும்பத்துக்கு ஸ்மார்ட் கருவி ஆடம்பரப் பொருள் இல்லை. வாசல் கேமரா வழியாகத்தான் அவர் தன் வீட்டைப் பார்க்கிறார். பிள்ளையின் மதிப்பெண் வாட்ஸ்அப் குரல் பதிவில்தான் அவரிடம் போய்ச் சேர்கிறது. அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்கு அனுமதி கிடையாது. முகம் பார்த்துப் பேச, அந்நாட்டு அரசு அனுமதித்த வேறொரு செயலியையும் இரு பக்கமும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இவற்றைத் தூக்கிப் போடச் சொல்வதில் அர்த்தமில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கியவருக்கு, தன் வீட்டில் இருக்கும் பொருள் எதைப் பார்க்கிறது, எதைக் கேட்கிறது, யாரிடம் சொல்கிறது என்று அறியும் உரிமை உண்டு. அந்த உரிமை இன்னும் முழுமையாக நம் கைக்கு வந்து சேரவில்லை.

டிவி நம்மைப் பார்க்குமா?

இந்தக் கரையில் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு ஒரு தலைமுறைக்கே பழக்கமானது. எந்த வீட்டில் எந்தப் பாட்டைக் கேட்டார்கள் என்பது கொழும்புக்குத் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் நேயர் ஓர் அஞ்சலட்டை வாங்கி, பெயரும் ஊரும் எழுதித் தபால் பெட்டியில் போட வேண்டும். தன் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பது கேட்பவரின் முடிவாக இருந்தது.

ஸ்மார்ட் டிவி அந்த முடிவை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டது. அதில் ஏசிஆர் என்றொரு தொழில்நுட்பம் இருக்கிறது. திரையில் ஓடும் காட்சியையோ ஒலியையோ டிவி அவ்வப்போது சிறு துண்டாக எடுத்து, அதை ஒரு கைரேகை போன்ற குறியீடாக மாற்றி நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பும். அங்கே ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் படங்கள், தொடர்கள், விளம்பரங்களின் குறியீடுகளோடு ஒப்பிட்டு, இந்த வீட்டில் இந்த நேரத்தில் இது ஓடியது என்று கண்டுபிடிப்பார்கள்.

லண்டன், கலிஃபோர்னியா, மாட்ரிட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாம்சங், எல்ஜி டிவிகளை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வைத்துச் சோதித்து, 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்ஜி டிவி 15 விநாடிக்கு ஒரு முறையும், சாம்சங் நிமிடத்துக்கு ஒரு முறையும் தகவல் அனுப்பியது தெரிந்தது. எச்டிஎம்ஐ கேபிள் வழியாக மடிக்கணினியை இணைத்து டிவியை வெறும் திரையாகப் பயன்படுத்தியபோதும் இது நடந்தது. அந்த ஆய்வில் நமக்கு உதவும் சேதி ஒன்றும் உண்டு: செட்டிங்ஸில் போய் அணைத்ததும் அந்தப் போக்குவரத்து நின்றுவிட்டது.

விலை ஏன் இவ்வளவு குறைவு?

அமெரிக்காவின் விசியோ டிவி நிறுவனத்தின் கதை இதற்கு நேரடியான பதில். 1.1 கோடி டிவிகளிலிருந்து, பார்ப்பவரின் ஒப்புதல் இல்லாமல் விநாடிக்கு விநாடி தகவல் எடுத்ததாக எழுந்த வழக்கை முடிக்க, 2017-ல் அது 22 லட்சம் டாலர் கட்டியது. அதன் பிறகு அந்தத் தொழில் சுருங்கவில்லை. சில ஆண்டுகளிலேயே, டிவி விற்றுக் கிடைத்ததைவிட விளம்பரத்திலும் பார்வையாளர் தகவலிலும் அந்நிறுவனத்துக்கு அதிக லாபம் வந்தது. 2024-ல் வால்மார்ட் அதைச் சுமார் 230 கோடி டாலருக்கு வாங்கியது. விற்ற பிறகும் வருமானம் தரும் பொருளை விலை குறைத்து விற்கலாம். நாம் கடையில் கொடுப்பது ஒரு விலை. வரவேற்பறையில் ஆண்டுக்கணக்கில் கொடுப்பது இன்னொன்று.

பிடிக்காவிட்டால் வேறு வாங்கலாமே?

வாங்கலாம், வேறு இருந்தால். இந்த இடத்தில்தான் அந்தரங்கமும் வணிகப் போட்டியும் ஒரே பிரச்சினையாகின்றன. கேபிள் தொழிலில் இதைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. தனியார் பிடியிலிருந்த அந்தத் தொழிலில் மாற்று வேண்டும் என்றுதான் 2007-ல் அரசு கேபிள் டிவி நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று அதே கேள்வி, கேபிளை விட்டு டிவிக்குள் இருக்கும் மென்பொருளுக்கு இடம் மாறியிருக்கிறது.

ஒரு டிவி தயாரிப்பாளருக்கு கூகுளின் பிளே ஸ்டோர் தேவை. அது இல்லாத ஆண்ட்ராய்டு டிவியை விற்பது கடினம். பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுளின் மற்ற செயலிகளையும் ஒரே கட்டாக ஏற்க வேண்டும், ஆண்ட்ராய்டை மாற்றியமைத்த வேறு கருவி எதையும் தயாரிக்கக் கூடாது என்று ஒப்பந்தங்கள் கட்டுப்படுத்தின. இந்தியப் போட்டி ஆணையத்தில் இரண்டு வழக்கறிஞர்கள் கொடுத்த புகார் 2025 ஏப்ரலில் சமரசத்தில் முடிந்தது. கூகுள் 20.24 கோடி ரூபாய் கட்டியது. பிளே ஸ்டோரையும் அதன் அடிப்படைச் சேவைகளையும் தனியாக, கட்டணத்துக்கு உரிமம் தர ஒப்புக்கொண்டது. கூகுள் செயலிகள் இல்லாமல் இந்தியாவில் விற்கும் டிவிகளுக்கு அந்தப் பழைய கட்டுப்பாடு பொருந்தாது என்றும் ஏற்றது. புதிய சமரச விதிகளின்படி ஆணையம் முடித்த முதல் வழக்கு இது. கைப்பேசி ஆண்ட்ராய்டு வழக்கில் 2022 அக்டோபரில் விதிக்கப்பட்ட 1,337.76 கோடி ரூபாய் அபராதமும் இதே வகைக் கட்டுப்பாடுகளைப் பற்றியதுதான்.

வாட்ஸ்அப் வழக்கு இதைவிட நமக்கு நெருக்கமானது. 2021 தொடக்கத்தில் வந்த புதிய கொள்கையை ஏற்றால்தான் தொடரலாம் என்றது நிறுவனம். துபாயில் இருப்பவரும் மீன் ஏலம் எடுப்பவரும் பள்ளி ஆசிரியரும் ஒரே செயலியில் இருக்கும்போது, ஒருவர் மட்டும் மறுத்து வெளியேறுவது நடக்கிற காரியமா? 2024 நவம்பர் 18 அன்று ஆணையம் மெட்டா மீது 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வாட்ஸ்அப்பில் திரட்டும் தகவலை விளம்பரத்துக்காக மெட்டாவின் மற்ற நிறுவனங்களோடு ஐந்து ஆண்டுகள் பகிரக் கூடாது என்றும் சொன்னது. 2025 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த ஐந்தாண்டுத் தடையை நீக்கியது. அபராதத்தை உறுதி செய்தது. ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: நாம் அனுப்பும் செய்தியின் உள்ளடக்கம் பூட்டப்பட்டே போகிறது. சர்ச்சை எல்லாம் அதைச் சுற்றியுள்ள தகவல்களைப் பற்றியது: எந்த எண், எந்தக் கருவி, எந்த வணிகத்தோடு எப்போது பேசினோம் என்பவை.

கடலுக்குப் போகிறவருக்கு இந்தச் சுற்றுத் தகவலின் மதிப்பு நன்றாகப் புரியும். கரையில் தெரியும் பனையையும் கோபுரத்தையும் அடையாளம் வைத்து மீன் கிடைக்கும் கடலடிப் பாரைக் கண்டுபிடித்தவர் அதைச் சுலபத்தில் யாரிடமும் சொல்ல மாட்டார். இன்று அந்த இடம் ஜிபிஎஸ் புள்ளியாகக் கைப்பேசியில் இருக்கிறது. இருப்பிட அனுமதியை 'எப்போதும்' என்று கொடுத்துவிட்ட ஒவ்வொரு செயலியும் அவரோடு படகில் வருகிறது.

கேமரா காப்பாற்றுமா, காட்டிக்கொடுக்குமா?

இரண்டும் நடக்கும். 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவி காட்சிகள் இணையத்தில் வெளியாகி, பெண் நோயாளிகளின் அந்தரங்கம் விற்பனைப் பொருளானது. இப்படிக் கேமராவுக்குள் புகுவதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. தயாரிப்பாளர் போட்டுக் கொடுத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டாலே போதும்.

பாதுகாப்புச் சோதனையில் தேறாத சிசிடிவி மாடல்களை விற்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் பொருத்தியவை நம் சுவர்களில் அப்படியேதான் இருக்கின்றன. கேமராவைப் பொருத்த வந்தவரே தன் கைப்பேசியில், தன் மின்னஞ்சலில் கணக்கைத் தொடங்கி, பிறகு வீட்டுக்காரரைச் சேர்த்துவிட்டுப் போவதும் பல இடங்களில் நடக்கிறது. அந்த வீட்டின் உண்மையான சாவி அவரிடம்தான் இருக்கிறது.

நெருக்கமான தெருக்களில் இன்னொரு சிக்கல்: ஒரு வீட்டின் கேமரா எதிர்வீட்டு வாசலையும் கொல்லையையும் சேர்த்துப் பிடிக்கும். தனிநபர் தன் சொந்த வீட்டுத் தேவைக்காகத் திரட்டும் தகவலுக்கு, கீழே விளக்கப்படும் புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. ஒரு பெண்ணின் அந்தரங்கத்தை மறைந்திருந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவின்படி குற்றம். ஆனால் வெறுமனே திசை தவறிய கேமராவுக்காக யாரும் காவல் நிலையம் போக விரும்ப மாட்டார்கள். ஜமாஅத்தும் மீனவர் சங்கமும் உட்கார்ந்து, கேமரா அவரவர் வாசலை மட்டுமே பார்க்க வேண்டும் என்று ஊர்க்கட்டுப்பாடு வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

சட்டம் என்ன தருகிறது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும். தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். பிள்ளைகளைப் பின்தொடர்ந்து குறிவைத்து விளம்பரம் காட்டுவதற்கும் தடை உண்டு.

நமக்கு மிகவும் பயன்படக்கூடிய பிரிவு அதிகம் பேசப்படவில்லை. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை நிறுவனம் தர வேண்டும். தமிழும் அந்தப் பட்டியலில் உள்ளது. புது டிவியை முதன்முதலில் இயக்கும்போது பக்கம் பக்கமாக ஆங்கிலம் ஓடி, கடைசியில் ஒரே ஒரு 'அக்ரி' பொத்தான் வருகிறது. அதை அழுத்தாமல் படம் தெரியாதோ என்று பயந்து அழுத்துகிறவரிடமிருந்து பெற்றதை ஒப்புதல் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இன்றே செய்யக்கூடியவை

டிவி: சாம்சங் என்றால் செட்டிங்ஸில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', எல்ஜி என்றால் 'லைவ் பிளஸ்', சோனியின் சில மாடல்களில் 'சாம்பா இன்டராக்டிவ் டிவி'. இவற்றை அணைத்து வையுங்கள். படம் பார்ப்பதில் எந்தக் குறையும் வராது.

கேமரா: கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்கிறதா என்று பாருங்கள். கடவுச்சொல்லை நீங்களே மாற்றுங்கள். படுக்கையறை, பெண்கள் புழங்கும் முற்றம் போன்ற இடங்களில் கேமராவே வேண்டாம்.

கைப்பேசி: இருப்பிட அனுமதியை 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். டார்ச், கால்குலேட்டர் போன்ற செயலி தொடர்புப் பட்டியலைக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

பேசும் ஸ்பீக்கர்: யாரும் அழைக்காமலே, டிவி வசனத்தைக் கேட்டு நாளொன்றுக்கு 19 முறை வரை அவை விழித்துக்கொள்ளக்கூடும் என்று 2020-ல் ஓர் ஆய்வு காட்டியது. குடும்பம் கூடிப் பேசும் நேரத்தில் மைக்கை அணைத்து வைப்பது நல்லது.

இவை எல்லாம் தற்காப்பு மட்டுமே. வாங்குகிறவர் ஒவ்வொருவரும் செட்டிங்ஸைத் தோண்டித்தான் தன் வீட்டைக் காக்க வேண்டும் என்ற நிலை நியாயமானதல்ல. தகவல் சேகரிப்பை அணைத்த நிலையில்தான் டிவி வர வேண்டும். வேண்டும் என்கிறவர் இயக்கிக்கொள்ளட்டும். 2027 மே மாதத்துக்காகக் காத்திருக்காமல், இப்போதே கடையில் கேட்கத் தொடங்கலாம்: இதன் அறிவிப்பு தமிழில் இருக்கிறதா, தகவல் சேகரிப்பை அணைக்க முடியுமா, எத்தனை ஆண்டு பாதுகாப்பு அப்டேட் வரும்? ராமநாதபுரம் கடைவீதியில் பத்துப் பேர் இதைக் கேட்டால் கடைக்காரர் விநியோகஸ்தரிடம் கேட்பார், அவர் நிறுவனத்திடம் கேட்பார். டிவி வாங்கப் போகும்போது அளவையும் விலையையும் விசாரிக்கிற அதே வாயால் இந்த மூன்றையும் விசாரியுங்கள்.